முன் சக்கரத்துக் கறுப்பு

ஜூன் 8, ஞாயிறு

காலையில் கார் கழுவினேன். போன ஞாயிறு வெள்ளிக் கிண்ணம் மாதிரி துடைத்து வைத்த முன் சக்கரங்கள் இரண்டும் அடிப்பிடித்த சட்டி மாதிரி கிடக்கின்றன. பின் சக்கரங்களில் சாதாரணப் புழுதிதான். நான்கும் ஒரே ரோட்டில்தானே ஓடுகின்றன? ரோட்டுத் தூசி என்றால் நான்குக்கும் சமமாக அல்லவா பங்கு பிரிந்திருக்க வேண்டும்?

விரலால் தொட்டால் மை. சோப்புத் தண்ணீருக்குப் பாதி போனது, மீதி போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. கைக்கு அகப்பட்ட துண்டை எடுத்துத் தேய்த்தேன். அது என் சம்சாரம் மரகதம் தலை துவட்டுகிற துண்டு.

"ஏனுங்க, ஊட்ல வேற துணியே இல்லீங்களா?" என்று ஆரம்பித்தவள் மத்தியானச் சாப்பாடு வரை நிறுத்தவில்லை.

பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் உத்தியோகம் பார்த்தவன் நான். வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் திருப்பி அனுப்புவேன். ஓய்வு பெற்ற பிறகு திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாமல் கை நமநமவென்று இருந்தது. இப்போது ஒன்று கிடைத்திருக்கிறது.

இந்த வருஷ டைரியில் கோடுகளை ரொம்ப மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். காசை மிச்சம் பிடிக்கிறார்கள் போலும்.

ஜூன் 9, திங்கள்

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் கௌதமனிடம் போனில் கேட்டேன். கார் அவன் வாங்கியது. ஓட்டுவது நான்.

"அது பிரேக் தூசிப்பா. பிரேக் புடிக்கிறப்ப பேடு போயி டிஸ்க்கோட உரசுதுல்ல, அந்தத் தூள்தான். பின்னாடி பிரேக் மூடியிருக்கும், அதனால வெளிய தெரியாது. இதெல்லாம் ஒரு விஷயமாப்பா?" என்றான்.

விஷயம்தான். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த பொம்மைக் காந்தத்தை எடுத்து, காகிதத்தில் சுற்றி, அந்தத் தூளின் மேல் காட்டினேன். தூள் அத்தனையும் எழுந்து முள்ளாக நின்றது! இரும்பு. நிற்பதற்காக ஒரு வண்டி தன்னையே கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்கிறது. இத்தனை வருஷம் வண்டி ஓட்டுகிறேன், இது எனக்குத் தெரியாமல் போயிற்று. காந்தத்தைக் கழுவாமல் திரும்ப ஒட்டிவிட்டேன். அதற்கும் ஒரு பாட்டு வாங்கினேன்.

ஜூன் 11, புதன்

பித்தளைக்குப் புளி என்றால் சக்கரத்துக்கும் புளிதானே என்று நினைத்தது தப்பு. கறுப்பு போன இடத்தில் வெள்ளைத் திட்டு வந்துவிட்டது. டயர் பளபளக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் தடவினேன். தெருமுனை தாண்டுவதற்குள் எண்ணெய் தெறித்துக் கதவெல்லாம் பொட்டு பொட்டாகிவிட்டது.

மரகதம் வாசலில் நின்று பார்த்தாள். "குத்துவெளக்குன்னு நெனச்சீங்களா, திரி போட்டு ஏத்தறதுக்கு?"

ஜூன் 12, வியாழன்

என் அன்றாட வேலையைப் பற்றி எழுதவே இல்லை. பேத்தி தாரிகாவைச் சிங்காநல்லூரிலிருந்து பீளமேட்டுக்குப் பூப்பந்து வகுப்புக்குக் கூட்டிப்போய், இருட்டியதும் கூட்டி வருவது. ஒன்பது வயது. இந்தக் காலத்துப் பிள்ளையாக இருந்தும் 'தாத்தா' என்று சொல்லாமல் என்னை 'அப்பாரு' என்றே கூப்பிடுகிறாள். மருமகள் சுகந்தி வேலையிலிருந்து வரத் தாமதமாகும் என்பதால் இந்தப் பொறுப்பு என்னுடையதாயிற்று. நாள் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் சட்டை மாற்றுகிறேன் என்று சொன்னால் மிகையில்லை.

வண்டியில் ஏறினால் பிள்ளை வாய் மூடாது. கிரிக்கெட் வர்ணனை கெட்டது. "அப்பாரு, லெஃப்ட்ல சைக்கிள் வருது. அப்பாரு, ரைட்ல மஞ்ச பைக்கு. நாயி, அப்பாரு, நாயி!" கோயமுத்தூரில் இருக்கிற நாயெல்லாம் அவளுக்கு அத்துபடி. கேட்டுக்கொண்டே ஓட்டுவது சுகமாகத்தான் இருக்கிறது.

இந்த ஊர் இரண்டு சக்கரக்காரர்களுக்குத்தான் என்ன வந்ததோ தெரியவில்லை. முன்பெல்லாம் பக்கவாட்டில் வருகிறவன் தூரத்திலேயே தெரிவான். இப்போது பூமியைப் பிளந்துகொண்டு வந்த மாதிரி முன்னால் முளைக்கிறான்.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலேயே ஒண்டிப்புதூர் மெக்கானிக் ரபீக்கிடம் வண்டியைக் காட்டினேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர் சிரித்தார். "என்ன சார், வாரா வாரம் ஊட்டிக்குப் போய்ட்டு வர்றீங்களா? மலை எறங்குற வண்டி மாதிரி பேடு தேஞ்சிருக்கு."

சிங்காநல்லூருக்கும் பீளமேட்டுக்கும் நடுவில் எந்த மலை? சில கம்பெனி பேடு அதிகமாகத் தூள் விடும் என்று அவரே ஒரு சமாதானமும் சொன்னார். வேறு கம்பெனி பேடு மாட்டிக்கொண்டு வந்தேன்.

வரும் வழியில் ஒரு சந்தேகம். சுகந்தி ஞாயிற்றுக்கிழமைகளில் பொள்ளாச்சிக்கு அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லி வண்டியை எடுக்கிறாள். பொள்ளாச்சிக்குத்தான் போகிறாளா? அங்கேயும் மலை இல்லையே. வால்பாறைக்கு ஏறுகிறாளோ?

ஜூன் 16, திங்கள்

நேற்று அவள் போவதற்கு முன்னும் வந்த பின்னும் கிலோமீட்டரைப் பார்த்து வைத்தேன். பொள்ளாச்சி போக, வர. அதற்கு மேல் ஒரு முழம் கூட ஓடவில்லை. மருமகளைச் சந்தேகப்பட்டது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவள் வாங்கி வந்த பால்கோவா நன்றாக இருந்தது.

இனி ஊகம் வேண்டாம். கம்பெனியில் செய்த மாதிரி முறையாகச் செய்ய வேண்டியதுதான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். பழைய வேட்டி ஒன்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்தேன். தினமும் திரும்பி வந்து வண்டி ஆறியதும் முன் சக்கரத்தைத் துண்டுத் துணி ஒன்றால் துடைத்து, கிழமையைக் குறித்துக் கொடியில் மாட்டுவேன். அடுத்த நாள் சுத்தமான சக்கரத்தோடு புறப்படுவேன்.

ஜூன் 20, வெள்ளி

பேடு மாற்றியும் கறுப்பு குறையவில்லை. கொடியில் நான்கு துணிகள், நான்கும் அடுப்புக்கரி.

"தீபாவளிக்கு இதத்தான் எடுத்துக் குடுக்கப் போறீங்களாட்டங்குது," என்றாள் மரகதம்.

மோடாவை யாரோ நடைவழியில் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். முழங்காலில் நல்ல அடி. கேட்டால் அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது என்கிறார்கள். இந்த வீட்டில் யாரும் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அடுத்து ரோட்டை மாற்றிப் பார்ப்பதாக முடிவு. பெரிய ரோட்டில் சிக்னல் அதிகம், அதனால் பிரேக்கும் அதிகம். நாளையிலிருந்து உள் ரோடு.

ஜூன் 26, வியாழன்

உள் ரோட்டில் துணி இன்னும் கறுப்பு! இது எப்படி? சிக்னலே இல்லாத ரோடு. ஆனால் சந்துக்குச் சந்து ஆள் முளைக்கிறது. பிரேக்கில் ஏறி நிற்காத குறைதான். பின்னால் வந்த ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "பெரியவரே, எதுக்கு சும்மா சும்மா பிரேக் அடிக்கிறீங்க?" என்றார். சும்மாவா? முன்னால் வருகிறவனை மோதிவிட்டுப் போகச் சொல்கிறாரா?

ஆனாலும் ஆர்வம் விடவில்லை. இவ்வளவு சின்னத் தூள் இத்தனை கதை வைத்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஜூன் 27, வெள்ளி

தாரிகாவின் வர்ணனை இன்று தாங்க முடியவில்லை. ஒவ்வொரு தடவை அவள் கத்தும்போதும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. அட, காரணம் இதுதானா! பிள்ளையின் சத்தத்துக்குத்தான் நான் பிரேக் அடித்துக்கொண்டிருக்கிறேன்! சத்தத்தை நிறுத்தினால் தூசி நிற்கும். அடுத்து மாற்ற வேண்டியது அதுதான்.

"கண்ணு, திங்கக்கெழமை நீ வாயே தொறக்கக் கூடாது. அப்பாருக்கு ஒரு பரிசோதனை," என்றேன்.

"ஒண்ணுமே சொல்லக் கூடாதா அப்பாரு?"

"ஒண்ணுமே."

அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பேச்சை நிறுத்தச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்.

ஜூன் 30, திங்கள்

சின்ன உரசல்.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று ஒரு வரியோடு விட்டுவிட்டேன். எழுதிவிடுவதுதான் நல்லது.

திரும்பி வரும்போது லேசாக இருட்டியிருந்தது. தாரிகா சொன்னபடி வாயை இறுக்க மூடிக்கொண்டு இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்தபடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரோடு காலியாக இருந்தது. காலியாகத்தான் இருந்தது, சத்தியமாக. திடீரென்று "அப்பாரூ!" என்று அலறினாள். மிதித்தேன். இடது முனையில் ஒரு மொபெட். பால் கேன் உருண்டது. ஓட்டியவர் கீழே கிடந்தார்.

முழங்கை சிராய்ப்புதான். எழுந்து நின்று, "ஏனுங்க, நான் அந்தச் சந்துலருந்து எவ்வளவு நேரமா லைட்டப் போட்டுட்டு வர்றேன், பாக்கவே இல்லீங்களா?" என்றார். வெளிச்சம் இருந்ததாம். பக்கத்து மருந்துக்கடையில் கட்டுப்போட்டு, கொட்டிய பாலுக்கும் கொடுத்து அனுப்பினேன். நல்ல மனுஷன், சண்டைக்கு வரவில்லை.

தாரிகா அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. வழியில் பேக்கரியில் நிறுத்தி முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இன்று காலை சுகந்தியிடம், தோள் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது, இந்த வாரம் நீ சீக்கிரம் வந்து கூட்டிப்போக முடியுமா என்று கேட்டேன்.

"போறனுங்க மாமா. பர்மிசன் கேட்டுக்கறேன்," என்றாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோளுக்குத் தைலம் மட்டும் எடுத்து வைத்தாள்.

பரிசோதனைக்கும் இது நல்லதுதான். ஓட்டுகிற ஆளை இன்னும் மாற்றிப் பார்க்கவில்லை.

ஜூலை 2, புதன்

பின் இருக்கையில் உட்கார்ந்து நானும் போனேன். அதே ரோடு, அதே நேரம், அதே பேடு. சுகந்தி நிதானமாக ஓட்டுகிறாள். அவளுக்கு ஒருவனும் முளைக்கவில்லை. தூரத்தில் வரும்போதே காலை எடுத்துவிடுகிறாள், வண்டி தானாக வேகம் குறைகிறது. எங்கிருந்து பார்க்கிறாள்?

துணியில் லேசான சாம்பல் நிறம். ஒரு நாளை வைத்து எதையும் சொல்லக் கூடாது.

ஜூலை 3, வியாழன்

சாம்பல் நிறம்.

ஜூலை 4, வெள்ளி

சாம்பல் நிறம். காபி டம்ளரைத் தட்டிவிட்டேன். கையருகிலேயே இருந்ததாம்.

ஜூலை 6, ஞாயிறு

கொடி முழுவதும் துணி. மரகதம் கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். என் துணிகள் ஒரு பக்கம், சுகந்தியின் துணிகள் ஒரு பக்கம். எடுத்துச் சொல்ல ஆள் தேவையில்லை.

கம்பெனியில் அளவு தப்பாக வந்தால் முதலில் அளக்கிற கருவியைப் பார்ப்போம். அப்புறம் அளக்கிற ஆளின் கையையும் கண்ணையும் பார்ப்போம். கடைசியாகத்தான் பொருளைக் குறை சொல்வோம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். இங்கே பேடில் ஆரம்பித்து, மருமகளைச் சந்தேகப்பட்டு, ரோட்டை மாற்றி, பிள்ளையின் வாயைக் கூட அடைத்துப் பார்த்துவிட்டேன்.

வயதானால் கொஞ்சம் பயம் வரும், பயத்தில் பிரேக் அடிப்பது சகஜம். அதுவாகத்தான் இருக்கும். துணிகளைச் சுருட்டி எடுத்து வைத்தேன்.

ஜூலை 7, திங்கள்

இன்னொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சுகந்தி ஓட்டும்போது தாரிகா வாயே திறப்பதில்லை. நான் விதித்த தடை அந்த ஒரு நாளுக்குத்தான். மறந்துவிட்டாளோ? வகுப்பு முடிந்து சுகந்தி வண்டியைத் திருப்பப் போனபோது பிள்ளையிடம் கேட்டேன்.

"கண்ணு, அம்மா ஓட்டுறப்ப ஏன் நாயி, சைக்கிளு ஒண்ணும் சொல்றதில்ல?"

என்ன கேள்வி இது என்பது போல என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்குத்தான் தெரியுமே அப்பாரு."

"அப்ப எனக்கு?"

ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "நேரா வந்தா உங்களுக்குத் தெரியும். சைடுல வந்தா தெரியாது. நான் சொன்னாத்தான் தெரியும். அதான் சொல்லிட்டே வருவேன்."

"எப்பருந்து?"

"ரெண்டாவது படிக்கிறப்பருந்து."

"ஏங் கண்ணு வீட்ல சொல்லல?"

"சொன்னா நீங்க வர மாட்டீங்கல்ல?"

அவள் இப்போது நான்காம் வகுப்பு. இத்தனை நாள் அந்த வண்டியை ஓட்டியது நானா, அவளா? அந்தத் திங்கட்கிழமை, தன் வேலையைச் செய்யக் கூடாது என்று நான் உத்தரவு போட்டு, அவள் இருக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே. மொபெட் இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால்? அது லாரியாக இருந்திருந்தால்?

இரவு சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால்காரரையும் சேர்த்து. அவள் கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. எழுந்து போய்த் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். "புதன்கெழமை லீவு போடறேன் மாமா. கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம்," என்றாள்.

ஜூலை 9, புதன்

பெரிய ஆஸ்பத்திரி. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிட்டேன். கண்ணில் ஒன்றும் இல்லை, வயசுப் பயம்தான் என்று அப்போதே நிம்மதி வந்தது. சுகந்தியைப் பார்த்து ஒரு சிரிப்பு கூடச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு சின்ன இருட்டறை. சுவாரசியமான மெஷின். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் பார்க்கச் சொல்கிறார்கள். நடுவில் இருக்கும் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அங்கங்கே சின்ன வெளிச்சம் மினுக்கும். தெரிந்தால் கையில் கொடுத்த பித்தானை அழுத்த வேண்டும். பரீட்சை எழுதுகிறவன் மாதிரி கவனமாக உட்கார்ந்தேன். ஒரு வெளிச்சத்தைக் கூட விடவில்லை. மினுக்கியது, அழுத்தினேன். மறுபடி மினுக்கியது, மறுபடி அழுத்தினேன். நடுவில் நடுவில் மெஷின் வெகு நேரம் சும்மா இருந்தது. கரண்டு கிரண்டு போய்விட்டதோ என்று கூட நினைத்தேன். இரண்டு கண்ணுக்கும் அப்படியேதான்.

முடிந்ததும் அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். "ஏம்மா, மெஷின்ல ஏதோ கோளாறு போல. அப்பப்ப நின்னு நின்னு வருதே, பாத்தீங்களா?"

அந்தப் பெண் தாளை எடுத்துக்கொண்டிருந்தது. திரும்பி என்னைப் பார்த்து, ரொம்ப மெதுவாகச் சொன்னது.

"அது நிக்கவே இல்லீங்கய்யா."

தாளில் இரண்டு வட்டம். நடுவில் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு.

டாக்டரம்மா விளக்கினார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பை அரித்து, ஓரப் பார்வையைத் தின்றிருக்கிறது. நேரே பார்ப்பது நன்றாக இருப்பதால் ஆளுக்கே தெரியாதாம். போனது திரும்ப வராது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார். பிறகு, பேனாவை எடுத்துக்கொண்டு, "வண்டி ஓட்றதுண்டுங்களா?" என்று கேட்டார்.

பக்கத்தில் சுகந்தி இருந்தாள். தன் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று நான் ஒரு பொய் சொல்லியிருந்தாலும் அவள் மறுத்திருக்க மாட்டாள். அப்புறம் இரண்டு மாதம் கழித்து, பக்கத்துக் கடைக்குத்தானே என்று சாவியை எடுத்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

"ஓட்டுவனுங்க டாக்டர். பேத்திய வெச்சுட்டு ஓட்டுவேன். இனி ஓட்ட மாட்டேன். நீங்க அந்தச் சீட்லயே எழுதிக் குடுத்துடுங்க," என்றேன்.

திரும்பி வரும்போது அழுதேன். அறுபத்தெட்டு வயதில் மருமகள் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு. சுகந்தி ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அந்த நல்ல மனதுக்கு இன்னும் கொஞ்சம் அழுகை வந்தது.

ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் தாரிகா மட்டையைத் தூக்கிக்கொண்டு என் நாற்காலி அருகே வந்து நின்றாள். நானே சொல்ல வேண்டும் என்று மரகதமும் சுகந்தியும் சமையலறைக்குள் போய்விட்டார்கள்.

"கண்ணு, இனிமே அம்மாதான் ஓட்டுவாங்க. அப்பாரு பின்னால உக்காந்துட்டு வர்றேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

"எம் பக்கத்துலயா?"

"உம் பக்கத்துலதான்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஓடிப்போய்ப் பின் இருக்கையில் கிடந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்து எனக்கு இடம் பண்ணினாள்.

வகுப்பு முடிந்து திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஒவ்வொரு சந்து வரும்போதும் என் வலது கால் தரை விரிப்பை அழுத்தியது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. நாய் வருகிறதா என்று கேட்கலாம் என்று தாரிகாவின் பக்கம் திரும்பினேன். என் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். நான் ஓட்டிய காலத்தில், ஆடிக் களைத்து வந்த எந்த நாளிலும், இந்தப் பிள்ளை காரில் ஒரு முறை கூடத் தூங்கியதில்லை.

வீடு வந்தும் எழுப்ப மனமில்லை. சுகந்தியிடம் இன்னும் ஒரு சுற்று போகச் சொன்னேன்.